தேயிலைக் கழிவிலிருந்து காஃபீன் எடுக்கும்போது எங்கே பிசகுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

நான்கு கிலோவுக்கும் மேல் பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கிறது. அந்தத் தூளிலும் ஒரு பங்கு நாராகவும் காம்பாகவும் பஞ்சாகவும் தரைப் பெருக்கலாகவும் பிரிந்து, கழிவு என்ற பெயரில் மூட்டைக்குள் போய்விடுகிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துச் சிறு விவசாயி மழையில் நனைந்து பறித்துக் கொடுத்த இலைதான் அதுவும். அந்தக் கழிவு சாயம் ஏற்றப்பட்டுக் கலப்படத் தூளாகக் கடைக்குத் திரும்புவதைவிட, அதிலுள்ள காஃபீனும் மற்றப் பொருள்களும் ஒழுங்கான வழியில் பிரித்தெடுக்கப்பட வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதனால்தான் சோதனை அளவில் முயலும் மாணவர்களும் சிறு தொழில் தொடங்க எண்ணுபவர்களும் இடறும் இடங்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

குடுவையில் தெரியும் கோளாறுகளில் பெரும்பகுதி மூட்டையிலேயே தொடங்கியவை என்பது என் அனுபவம். ஆகவே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் கரைப்பானைச் சந்தேகிப்பதற்கு முன் கழிவைச் சந்தேகியுங்கள்.

முதலில், நான் எதைச் 'சரியான ஓட்டம்' என்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சலித்து, காந்தம் ஓட்டிய சிடிசி கழிவு (இலையை எந்திர உருளைகளில் நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் தூளின் கழிவு) 50 கிராம். அதில் 10 கிராம் நீற்றுச் சுண்ணாம்பைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பிசறி ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். பிறகு அரை லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, சூட்டோடு துணியில் வடித்து, சக்கையை வெந்நீரால் இரண்டு முறை கழுவ வேண்டும். வடிநீரைத் தாளிலும் ஒரு முறை வடித்து, நன்றாக ஆறியபின் பிரிபுனலில் (அடியில் குழாய் உள்ள, அடுக்குகளைப் பிரிக்கும் புனல்) ஊற்றி, காஃபீனைக் கரைத்திழுக்கும் கரைப்பானான டைகுளோரோமீத்தேனை 60 மில்லிலிட்டர் வீதம் மூன்று முறை விட்டுப் பிரிக்க வேண்டும். கரைப்பான் அடுக்கை நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்தி, காய்ச்சி வடித்துக் கரைப்பானை மீட்டால் அடியில் நிற்பது கச்சாக் காஃபீன். சுண்ணாம்புக்குப் பதில் சலவை சோடா போடுகிறவர்களும் உண்டு. சோடாவில் டானின் (தேயிலையின் துவர்ப்புப் பொருள்) உப்பாக மாறித் தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். சுண்ணாம்பில் கால்சியம் டானேட்டாகச் சக்கையோடு தங்கிவிடும். வடிப்பது சோடாவில் எளிது, அடுக்குப் பிரிப்பது சுண்ணாம்பில் எளிது. நான் சுண்ணாம்புப் பக்கம்.

அறிகுறி: சுண்ணாம்பைப் பிசறியவுடன் அம்மோனியா நெடி

அடுப்பே பற்றவைக்கவில்லை, ஆனாலும் மூக்கைத் துளைக்கிறது என்றால், உங்களிடம் வந்திருப்பது தன்மை மாற்றப்பட்ட கழிவு. கழிவு மீண்டும் தேநீருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத் தொழிற்சாலைகளில் சாணம், யூரியா, சுண்ணாம்பு போன்றவற்றைக் கலப்பார்கள். உரத்துக்குப் போகிற கழிவுக்கு அது நல்ல ஏற்பாடு. பிரித்தெடுப்பதற்கோ அந்த மூட்டை உதவாது. சாணத்தில் வந்த கொழுப்பும் நிறமும் நைட்ரஜன் சேர்மங்களும் கடைசிப் படிகம்வரை துரத்தும். கழுவிப் பார்க்கலாமே என்று நினைக்காதீர்கள்; காஃபீனும் கழுவலோடு போய்விடும். மூட்டையை மண்புழு உரத்துக்கு அனுப்பிவிட்டு வேறு கழிவு வாங்குங்கள்.

வாங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கழிவை வாங்கவும் வைத்திருக்கவும் விற்கவும் தேயிலை வாரியத்தின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரிடம், இன்ன பயன்பாட்டுக்கு என்று சொல்லி, தன்மை மாற்றாத கழிவைப் பெறுவதுதான் சரியான வழி.

அதே நெடி, பல மணி நேரம் காய்ச்சிய பிறகு மெல்ல எழுந்தால் காரணம் வேறு. சூடான காரத்தில் காஃபீன் மூலக்கூறு சிதையத் தொடங்கிவிட்டது. காஸ்டிக் சோடா போட்டவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் நேர்கிறது. காஸ்டிக் சோடாவைத் தொடவே வேண்டாம். சுண்ணாம்பானாலும் அரை மணி நேரக் கொதிப்பு போதும்.

அறிகுறி: எல்லாம் ஒழுங்காக நடந்தும் விளைச்சல் மிகக் குறைவு

இங்கேதான் அதிகம் பேர் மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். தேயிலையில் உலர் எடையில் 2 முதல் 4 சதவீதம் காஃபீன் என்று படித்திருப்பார்கள். 50 கிராமுக்கு ஒன்றரைக் கிராம் எதிர்பார்த்திருப்பார்கள். கால் கிராம்கூடத் தேறியிருக்காது.

மூட்டையைப் பிரித்து வெள்ளைத்தாளில் ஒரு கைப்பிடி கொட்டிப் பாருங்கள். காஃபீன் கொழுந்திலும் இளம் இலையிலும்தான் செறிவாக இருக்கும், காம்பில் குறைவு. செம்பழுப்பு நிறத்தில் குச்சி குச்சியாகத் தெரிந்தால் அது காம்பும் நாருமே. கையில் ஒட்டும் பொடியும் பஞ்சும் மிகுந்திருந்தால் நல்ல சரக்கு. ஒரு முறை ஒரு தொழிற்சாலையிலிருந்து மூன்று மூட்டை வாங்கினேன். மூன்றும் ஒரே நாள் கழிவு என்றார்கள். ஒன்றில் கிடைத்த காஃபீனில் பாதிகூட இன்னொன்றில் வரவில்லை. வாரம் முழுக்கக் கரைப்பானை மாற்றி மாற்றிப் பார்த்தபின்தான் மூட்டைகளைக் கொட்டிப் பார்க்கத் தோன்றியது. ஒன்று பொடி சலிக்கும் இடத்தில் கூட்டியது, மற்றொன்று நார் பிரிக்கும் உருளையிலிருந்து வந்தது. அன்றிலிருந்து எந்த எந்திரத்தடியில் அள்ளியது என்று கேட்டு, மூட்டையின் மேல் எழுதாமல் வாங்குவதில்லை.

காம்புக் கழிவை வீண் என்று நினைக்க வேண்டாம். தியானின் என்ற அமினோ அமிலம் காம்பில் நன்றாகவே இருக்கிறது. அது தண்ணீரில் கரையும், டைகுளோரோமீத்தேனுக்கு வராது. காஃபீன் எடுத்தபின் கொட்டிவிடும் தண்ணீரில்தான் அது இருக்கிறது. காம்பு மட்டும் கிடைக்கிறவர்கள் காஃபீனை விட்டுத் தியானின் பக்கம் திரும்புவதே நல்லது.

அடுத்தது ஈரம். டிரையரிலிருந்து வரும்போது தூளின் ஈரம் இரண்டு மூன்று சதவீதம்தான். கோணியில் கட்டி ஆடி மழையில் ஒரு மாதம் வைத்த கழிவு அப்படியா இருக்கும்? 12 சதவீத ஈரம் ஏறியிருந்தால் நீங்கள் நிறுத்த 50 கிராமில் சரக்கு 44 கிராம்தான். ஒவ்வொரு மூட்டையிலும் 5 கிராம் எடுத்து 103 டிகிரியில் எடை மாறாத அளவுக்கு உலர்த்தி, ஈரத்தைக் கழித்துக் கணக்கிடுங்கள். பூஞ்சணம் பிடித்திருந்தால் மூட்டையையே ஒதுக்குங்கள். மருந்துக்கும் பானத்துக்கும் போகிற பொருளில் அந்தச் சமரசம் கூடாது.

மூட்டையில் குற்றமில்லை என்றால், காஃபீன் எங்கே தங்கியது என்று இரண்டு சோதனைகளில் கண்டுபிடிக்கலாம். சக்கையை மறுபடி வெந்நீரில் கொதிக்கவைத்துத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். கணிசமாக வந்தால் கொதிப்போ கழுவலோ போதவில்லை. கொட்ட வைத்திருக்கும் நீர் அடுக்கில் நான்காவது முறை கரைப்பான் விட்டுப் பாருங்கள். அதில் வந்தால் பிரிப்பு போதவில்லை. வடிநீரை காரத்தாளிலும் நனைத்துப் பாருங்கள். பி.எச். 9-க்குக் கீழே இருந்தால் டானின் முழுவதும் கட்டப்படவில்லை, அது காஃபீனைப் பிடித்துவைத்திருக்கிறது, சுண்ணாம்பைக் கூட்டுங்கள்.

மலையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் எழுதப்பட்ட செய்முறையில் இருபது நிமிடம் என்றிருந்தால் முப்பது வையுங்கள்.

அறிகுறி: கருவி 5 சதவீதம் காட்டுகிறது, கையில் கிடைப்பது 1 சதவீதம்

புற ஊதா ஒளியை 273 நானோமீட்டர் பக்கத்தில் காஃபீன் உறிஞ்சுகிறது. டானின் உள்ளிட்ட தேயிலையின் பாலிஃபீனால்களும் அதே பக்கத்தில் உறிஞ்சுகின்றன. சுத்தப்படுத்தாத சாற்றை நேரே கருவியில் வைத்தால் இரண்டின் கூட்டுத்தொகைதான் தெரியும். கரைப்பானில் பிரித்தபின் அளக்க வேண்டும், அல்லது பொருள்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த ஒரு தவறான அளவை நம்பித் திட்ட அறிக்கை எழுதி, கடன் வரை போனவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து கச்சாச் சாற்றின் அளவை வைத்து லாபக் கணக்குப் போடாதீர்கள்.

அறிகுறி: வடிதாள் அடைத்துக்கொள்கிறது

பஞ்சும் சுண்ணாம்புச் சேறும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். முதலில் துணி, பிறகு தாள் என்று இரண்டு கட்டமாக வடியுங்கள். துணியில் வடித்ததைப் பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் தாளில் ஊற்றுங்கள். சூடு தணியவிடாதீர்கள். காஃபீன் கொதிநீரில் நன்றாகக் கரையும். அறை வெப்பத்தில் 100 மில்லிலிட்டருக்கு 2 கிராம் அளவே.

அறிகுறி: சாறு ஆறியதும் பால் போல் கலங்குகிறது

சுண்ணாம்பு சேர்க்காமல் பாலிஃபீனாலுக்காகவோ உடனடித் தேநீருக்காகவோ சாறு எடுப்பவர்கள் இதைப் பார்ப்பார்கள். கடுந்தேநீரை ஆறவைத்தால் கலங்குமே, அதே சங்கதி. காஃபீனும், தேநீரின் நிறப்பொருள்களான தியாஃபிளேவின், தியாரூபிகின் ஆகியவையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வெளியே வருகின்றன. திரும்பச் சூடாக்கினால் தெளியும். தெளிந்தால் கெட்டுப்போகவில்லை என்று பொருள். ஆறியபின் வடித்தால் அந்தக் கலங்கலோடு காஃபீனையும் எறிந்துவிடுவீர்கள். கடினநீர் இதை மோசமாக்கும். மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ பயன்படுத்துங்கள்.

அறிகுறி: பிரிபுனலில் அடுக்குப் பிரியாமல் நடுவில் பழுப்பு நுரைக்கட்டி

எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். எனவே இதைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

டானின் உப்புகளும் தேயிலையின் சபோனின்களும் சோப்பைப் போல வேலை செய்பவை. கொதிக்கும்போது நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது பிரிபுனலில் நடக்கப்போவதன் முன்னறிவிப்பு. இவை கரைப்பானைச் சிறு துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளியையும் ஓர் உறைக்குள் அடைத்து, பால்மமாக நிறுத்திவிடுகின்றன. வடிக்காமல் விட்ட நுண்பொடி அந்த உறைக்கு இன்னும் வலு சேர்க்கிறது. இத்தனையும் இருக்கும்போது புனலைப் பலமாகக் குலுக்கினால் மோர் கடைந்த மாதிரிதான்.

வந்துவிட்ட பால்மத்துக்கு முதல் மருந்து காத்திருப்பது. இருபது நிமிடம் புனலைத் தொடாதீர்கள். பிறகு கண்ணாடிக் கோலால் நடு அடுக்கை மெதுவாகச் சுற்றுங்கள், குத்தக் கூடாது. அசையவில்லையா? அரை லிட்டர் சாற்றுக்கு 20 முதல் 25 கிராம் சமையல் உப்புப் போட்டு, புனலைப் படுக்கவைத்து உருட்டுங்கள். உப்பு நீரின் அடர்த்தியைக் கூட்டி, காஃபீனையும் கரைப்பான் பக்கம் தள்ளும். அதற்கும் மசியாவிட்டால் நடு அடுக்கை மட்டும் தனியே எடுத்துப் பஞ்சடைத்த புனல் வழியே சொட்டுச் சொட்டாக விடுங்கள். நுண்பொடி பஞ்சில் தங்கிவிட, அடியில் இரண்டு அடுக்கும் தெளிவாகப் பிரியும். பக்கத்துக் கல்லூரியில் மைய விலக்குக் கருவி இருந்தால் ஐந்து நிமிட வேலை. எதுவும் பலிக்காத கடைசிக் கட்டத்தில் அந்த நடு அடுக்கை ஒரு புட்டியில் மூடிவைத்து அடுத்த சாற்றோடு சேர்த்துவிடுங்கள்.

வராமல் தடுப்பது இவை எல்லாவற்றையும்விட எளிது. சாறு முழுக்க ஆறியிருக்க வேண்டும், தாளில் வடித்திருக்க வேண்டும், சுண்ணாம்பு குறையாமல் இருக்க வேண்டும். புனலைக் குலுக்காமல், தொட்டிலாட்டுவதுபோல் இரண்டு பக்கமும் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்துங்கள். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் சாய்க்கலாம். அவ்வப்போது குழாயைத் திறந்து ஆவியை வெளியேற்ற மறக்கக் கூடாது.

எந்த அடுக்கு எது என்று குழம்பினால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு எதில் கலக்கிறது என்று பாருங்கள். டைகுளோரோமீத்தேன் தண்ணீரைவிடக் கனமானது, அடியில் நிற்கும். எத்தில் அசிட்டேட் இலேசானது, மேலே மிதக்கும். கரைப்பானை மாற்றும் நாளில்தான் தவறான அடுக்கைக் கொட்டிவிடுகிறார்கள். படிகம் கண்ணில் படும்வரை எந்த அடுக்கையும் கொட்ட வேண்டாம்.

எத்தில் அசிட்டேட் பற்றிக் கேட்பவர்களுக்கு: மனிதருக்குத் தீங்கு குறைவு என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு தடவையும் குறைவாகவே காஃபீனை இழுக்கும், பாலிஃபீனாலையும் சேர்த்துக்கொண்டு வரும், எளிதில் தீப்பற்றும். சுண்ணாம்புக் காரத்தில் சூட்டோடு பட்டால் சிதைந்து அசிட்டேட் உப்பாகிவிடும். அதைப் பயன்படுத்துவதானால் சாற்றை ஆறவைத்து, காரத்தைத் தணித்து, ஐந்தாறு முறை பிரிக்கத் தயாராகுங்கள்.

அறிகுறி: கரைப்பான் கணக்கில் குறைகிறது, அறையில் தலை கனக்கிறது

உடனே வேலையை நிறுத்தி வெளியே போங்கள். டைகுளோரோமீத்தேன் கடல்மட்டத்தில் 40 டிகிரிக்குச் சற்றுக் குறைவில் கொதிக்கும். குன்னூர் உயரத்தில் அதற்கும் ஐந்தாறு டிகிரி முன்னதாகவே. சாற்றில் மிச்சச் சூடு இருந்தாலே ஆவியாகிவிடும். உள்ளே இழுத்த ஆவியை உடல் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. தலை கனப்பது அசதியால் அல்ல. குளிர் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு இந்த வேலையைச் செய்யவே கூடாது. ஆவியை வெளியே இழுக்கும் அலமாரி இல்லாத இடத்தில் இந்தக் கரைப்பான் வேண்டாம். காய்ச்சி வடிக்கும்போது குளிர்விப்பானில் பனிக்கட்டி நீர் ஓடட்டும்.

அறிகுறி: படிகம் பச்சையாக அல்லது பழுப்பாக இருக்கிறது

பச்சை என்றால் பச்சையம். இலையின் மெழுகும் கூடவே வந்திருக்கும். பழுப்பு என்றால் டானின் தப்பி வந்திருக்கிறது. முன்பு சொன்ன கார அளவைப் பாருங்கள். இரண்டுக்கும் சுத்திகரிப்பு ஒன்றுதான்: கச்சாப் பொருளைக் குறைந்த அளவு கொதிநீரில் கரைத்து, கிளர்வூட்டிய கரி சிட்டிகை போட்டு, சூட்டோடு வடித்து, மெதுவாக ஆறவிடுவது. மெழுகு தண்ணீரில் கரையாமல் தாளிலேயே நின்றுவிடும். கரியை அள்ளிப் போடாதீர்கள். அது நிறத்தைப் பிடிப்பதுபோலவே காஃபீனையும் பிடிக்கும்.

அறிகுறி: படிகமே வரவில்லை, பிசுபிசுப்பாக நிற்கிறது

கரைப்பானில் ஈரம் இருந்திருக்கும். சோடியம் சல்பேட் கட்டியாகாமல் மணல்போல் உதிரும்வரை சேர்த்திருக்க வேண்டும். பிசினை ஹெக்சேனில் கழுவினால் மெழுகு போகும். பிறகு கொதிநீரில் கரைத்து ஆறவைத்து, பழைய படிகத்தில் ஒரு துளி விதையாகப் போடுங்கள். பட்டுநூல் போன்ற வெள்ளை ஊசிகள் எழும்பும். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் காட்சி எனக்கு அலுத்ததில்லை.

ஊசிகளை உலர்த்த உலர்த்த எடை ஏழெட்டு சதவீதம் குறைந்தால் பயப்பட வேண்டாம். தண்ணீரில் வளர்ந்த காஃபீன் படிகம் தண்ணீரைத் தன்னுள் வைத்திருக்கும். 80 டிகிரிக்கு மேல் உலர்த்தினால் அதை விட்டுவிடும். உலர்த்தியபின் வருவதே உண்மையான எடை. உருகுநிலை 235 முதல் 238 டிகிரி வரை இருக்க வேண்டும். 225-இல் இளகத் தொடங்கினால் மறுபடி படிகமாக்குங்கள். 178 டிகிரியில் பதங்கமாக, அதாவது உருகாமலேயே ஆவியாக, தொடங்கிவிடும் என்பதால் உருகுநிலைக் குழாயின் வாயை அடைத்துப் பாருங்கள்.

வெண்மையாக வந்துவிட்டது என்று யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. தூய காஃபீன் சில கிராம்களே உயிருக்கு ஆபத்து. கரைப்பான் மிச்சமும் இருக்கலாம். மருந்துப் பொருளில் டைகுளோரோமீத்தேன் பத்து லட்சத்தில் 600 பங்கைத் தாண்டக் கூடாது. அதை உறுதிசெய்ய ஆய்வகச் சான்று வேண்டும்.

அறிகுறி: சாறு நீலக்கறுப்பு மையாகிறது

இரும்பும் டானினும் சேர்ந்தால் மை. அந்தக் காலத்தில் கடுக்காயில் மை செய்தது இப்படித்தான். சிடிசி உருளைகளின் பற்கள் தேயும்போதும் அவற்றுக்குச் சாணை பிடிக்கும்போதும் இரும்புத்துகள் கழிவில் சேர்கிறது. இரும்புச் சட்டியில் காய்ச்சினாலும் இதே கதி. காஃபீனுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. பாலிஃபீனால் எடுப்பவருக்கோ அந்தச் சாறு போனதுதான். கழிவின் மேல் காந்தத்தை இரண்டு முறை ஓட்டி, துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில் மட்டும் காய்ச்சுங்கள்.

அறிகுறி: கேட்டகின் தேடினேன், செம்பழுப்புப் பொடிதான் வந்தது

சிடிசி கழிவில் கேட்டகின் (பச்சை இலையில் உள்ள பாலிஃபீனால்) தேடியிருக்கிறீர்கள். இலையை நசுக்கிப் புளிக்கவைக்கும்போதே நொதி அதைத் தியாஃபிளேவினாகவும் தியாரூபிகினாகவும் மாற்றிவிட்டது. எந்தக் கரைப்பானும் அதைத் திருப்பித் தராது. கேட்டகின் வேண்டுமென்றால் பச்சைத் தேநீர் தயாரிக்கும் ஆலையின் கழிவு, அல்லது கவாத்து வெட்டில் விழும் இலை வேண்டும். வெட்டிய இலையை அன்றைக்கே ஆவியில் வேகவைத்து நொதியை அடக்கிவிட வேண்டும்.

சரியான கழிவிலும் சாறு சிவந்தால் காரமோ சூடோ காரணம். இங்கே சுண்ணாம்புக்கு இடமே இல்லை. எலுமிச்சை உப்புச் சேர்த்து பி.எச். 4-க்குக் கீழே வைத்து, தண்ணீரும் எத்தனாலும் சரிபாதி கலந்து, 80 டிகிரியைத் தாண்டாமல் எடுங்கள். நிறம் காக்க வைட்டமின் சி சேர்ப்பவர்கள், மொத்தப் பாலிஃபீனாலை அளக்கும் ஃபோலின் சோதனையில் அதுவும் சேர்ந்து கணக்காகும் என்பதை மறக்க வேண்டாம். அளப்பதற்கு எடுக்கும் மாதிரியில் வைட்டமின் சேர்க்கக் கூடாது.

அறிகுறி: சக்கையைப் போட்ட குழியில் எதுவும் மக்கவில்லை

சுண்ணாம்பு மிகுந்த சக்கையில் நுண்ணுயிர் வளராது. இலைதழையும் சாணமும் ஒன்றுக்கு நான்காகச் சேர்த்து, சில வாரம் கிளறிவிட்டு, காரம் தணிந்தபின் மண்புழுவை விடுங்கள். நீலகிரியின் புளித்த மண்ணில் இந்தச் சுண்ணாம்பு பல காய்கறிகளுக்கு நல்லது. தேயிலைச் செடிக்கு மட்டும் வேண்டாம், அது அமில மண்ணையே விரும்பும். கரைப்பான் பட்ட தண்ணீரை எந்தக் குழியிலும் ஊற்றக் கூடாது. அதையும் வடிகலத்தில் ஏற்றி, கரைப்பானைப் பிரித்துக் கலத்தில் சேர்த்தபின்தான் மற்ற வேலை. மேட்டில் ஊற்றியது கீழே உள்ள ஊரின் ஓடையில்தான் போய்ச் சேரும்.